சத்தம் போடாத கட்டிலுக்கு முதலில் போங்கள்

கேள்வி:

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில், ஆண்கள் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இதற்கு முன் தனியார் மருத்துவமனை ஐசியூவில் வேலை பார்த்தேன். அங்கே எனக்கு இரண்டு நோயாளிகள்தான். இங்கே நைட் டியூட்டியில் நாங்கள் இரண்டு பேர், நோயாளிகள் 38 பேர். சில நாள் தரையிலும் பாய் போட்டுப் படுத்திருப்பார்கள். போன மாதம் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு முதல் கட்டிலில் ஆரம்பித்து வரிசையாக ஊசி போட்டுக்கொண்டே போனேன். நடுவில் 7ஆம் கட்டில்காரரின் மகன் டிரிப் ஏறவில்லை என்று சண்டை போட, அங்கேயே அரை மணி நேரம் போய்விட்டது. கடைசிக் கட்டிலில் இருந்த பெரியவர் தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன். ஒரு மணிக்கு அவரிடம் போனால் மூச்சு இரைக்கிறது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஐசியூவுக்கு மாற்றினோம், பிழைத்துவிட்டார். ஆனால் எனக்குத்தான் அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. "முதல்ல ஊசியை முடி, மத்ததெல்லாம் அப்புறம்" என்கிறார் சீனியர் அக்கா. படிக்கும்போது நாங்கள் எழுதிய கேர் பிளான் ஒரு நோயாளிக்கானது. 38 பேரில் யாரிடம் முதலில் போவது, யாரைக் காக்க வைப்பது என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

— ஒரு செவிலியர்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கட்டில் எண் வரிசையில் போவது மருந்து கொடுக்க வசதி. யாருக்கு ஆபத்து என்பது அந்த வரிசைக்குத் தெரியாது. அதனால் டியூட்டி எடுத்தவுடன் ஊசி டிரேயை எடுக்காதீர்கள். முதல் 20 நிமிடம் 38 பேரையும் கண்ணால் பார்ப்பதற்கு மட்டும்தான். ஆளுக்கு அரை நிமிடம் என்றால் 19 நிமிடம் ஆகும். நீங்கள் இருவரும் பாதிப் பாதி வார்டு எடுத்துக்கொண்டால் பத்தே நிமிடம். பகல் ஸ்டாஃப் டெஸ்கில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து ஓவர் கொடுப்பதற்கு (பொறுப்பை ஒப்படைப்பதற்கு)ப் பதிலாகக் கட்டிலருகே நின்று கொடுத்தால் இந்தச் சுற்றும் அதிலேயே அடங்கிவிடும். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பார்கள், அதுவும் நியாயம்தான். எல்லோரிடமும் நிற்க முடியாவிட்டால் சிக்கலான ஏழெட்டுப் பேரிடமாவது நிற்கச் சொல்லுங்கள்.

அந்த அரை நிமிடத்தில் பிபி பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். கட்டிலருகே போய், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ராத்திரி சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். "ரெண்டு இட்லி சாப்பிட்டேம்மா, வாயெல்லாம் கசக்குது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால், மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, திணறல் இல்லை, புத்தித் தெளிவு இருக்கிறது என்ற மூன்றும் உங்களுக்குத் தெரிந்துவிடும். "ரெண்டு... இட்லி..." என்று சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் அவர் பெயரை உடனே குறித்துக்கொள்ளுங்கள். "வண்டி எத்தனை மணிக்கு?" என்று சம்பந்தமில்லாமல் பதில் வந்தால், இந்தக் குழப்பம் புதிதா பழையதா என்று கூட இருப்பவரைக் கேளுங்கள். "சாப்பிடலை" என்றால், அவருக்கு மாலையில் இன்சுலின் போட்டிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. பதிலே வராவிட்டால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். இதற்குள் உங்கள் கை அவருடைய கை சூடா, சில்லிட்டிருக்கிறதா, வியர்த்திருக்கிறதா, நாடி எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடும். கண் ஒருமுறை ஆக்சிஜன் ஃபுளோமீட்டர், டிரிப் பாட்டில், சிறுநீர் சேரும் யூரோபேக் மூன்றையும் தொட்டுவிட்டு வரட்டும். யூரோபேக் காலியாகவே தொங்கினால் அதுவும் ஒரு செய்தி. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குச் சுமார் 30 மில்லிக்குக் குறையாமல் சிறுநீர் வர வேண்டும்.

ராத்திரிச் சுற்றில் "தூங்குகிறார்" என்ற ஒன்றை மட்டும் தொட்டுப் பார்க்காமல் எழுதாதீர்கள். தூங்குகிறவர் தோளைத் தொட்டால் முகம் சுளிப்பார், "என்ன சிஸ்டர்?" என்பார், புரண்டு படுப்பார். மயக்கத்துக்குப் போய்க்கொண்டிருப்பவரும் தூரத்திலிருந்து பார்க்கத் தூங்குகிற மாதிரிதான் இருப்பார். எழுப்பினால் திட்டுவார்களே என்று தயங்க வேண்டாம். திட்டுகிற அளவுக்குத் தெளிவாக இருப்பதும் நல்ல அறிகுறிதான்.

இந்தச் சுற்றிலேயே ஏழெட்டுப் பேர் தனியாகத் தெரிந்துவிடுவார்கள். அவர்களுக்குத்தான் முழு அளவீடு. அதிலும் மூச்சை எண்ணுங்கள், முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். நம் வார்டுகளில் டிபிஆர் (வெப்பம், நாடி, மூச்சு) சார்ட்டை எடுத்துப் பார்த்தால் மூச்சுக் கட்டத்தில் மேலிருந்து கீழ் வரை 20, 20, 20 என்று இருக்கும். அது எண்ணி எழுதியது கிடையாது என்று எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். பிபிக்கு மெஷின் இருக்கிறது, ஆக்சிஜன் அளவுக்கு விரலில் மாட்டும் கருவி இருக்கிறது. மூச்சுக்கு நம் கண்ணும் கடிகாரமும் மட்டுமே என்பதால் அது விட்டுப்போகிறது. ஆனால் உடம்பு கெடத் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் மாறுவதே மூச்சுதான். மயாமியில் வார்டிலேயே இதயம் நின்றுபோன 64 நோயாளிகளை ஆராய்ந்து 1990இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 84 சதவீதம் பேருக்கு, இதயம் நிற்பதற்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள் நிலை மோசமானதோ, புதிதாக ஒரு தொந்தரவு சொன்னதோ பதிவில் இருந்தது. அதிகம் மாறியிருந்தவை மூச்சும் புத்தித் தெளிவும். 8 மணி நேரம் என்பது உங்களுடைய ஒரு நைட் டியூட்டிக்குள் அடங்கிவிடும் நேரம்.

இந்த அளவீடுகளை ஓர் எண்ணாக மாற்ற உலகெங்கும் பல அட்டவணைகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய நியூஸ் 2 (NEWS2) என்ற அட்டவணை. மூச்சு, ஆக்சிஜன் அளவு, மேல் பிபி, நாடி, நினைவு நிலை, உடல் வெப்பம் என்று ஆறு விஷயம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஆக்சிஜன் வைத்திருந்தால் கூடுதலாக 2.

உங்கள் பெரியவரின் அளவுகள் கடிதத்தில் இல்லை. அவரைப் போன்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 68, சிறுநீர்த் தொற்று என்று நேற்று சேர்ந்தவர். மூச்சு நிமிடத்துக்கு 28, அதற்கு 3. ஆக்சிஜன் 94, அதற்கு 1. மேல் பிபி 100, அதற்கு 2. நாடி 112, அதற்கு 2. கூப்பிட்டால் கண் திறந்து மறுபடி மூடிக்கொள்கிறார், அதற்கு 3. காய்ச்சல் 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதற்கு 0. மொத்தம் 11. அந்த அட்டவணைப்படி 5 வந்தாலே டாக்டர் அவசரமாகப் பார்க்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் எமர்ஜென்சி, தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தாலும் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அவரிடம் காய்ச்சல் பெரிதாக இல்லை, பிபியும் மூன்றிலக்கத்தில் இருக்கிறது. அந்த இரண்டை மட்டும் பார்த்தால் "ஸ்டேபிள்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம். மூச்சை எண்ணி, எழுப்பிப் பார்த்தவருக்கு மட்டுமே 11 தெரியும்.

மதிப்பெண் அட்டவணை உங்கள் மருத்துவமனையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தமிழ்நாட்டின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டமான டேய் (TAEI) பிரிவுகளில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையே ஒரு துண்டுச் சீட்டில் கட்டில் எண்ணோடு எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பில் இருப்பவரை மணிக்கொரு முறையாவது, மஞ்சளை நான்கு மணிக்கொரு முறை, பச்சையைக் காலையில் வழக்கம்போல.

அட்டவணை மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது சொல்லாத, நோயைத் தெரிந்திருந்தால் மட்டுமே பிடிபடுகிற ஆபத்துகள் நம் ஊர் மெடிக்கல் வார்டில் தினமும் படுத்திருக்கின்றன. பாதி முன்னுரிமை இங்கேதான் தீர்மானமாகிறது.

டெங்கு நோயாளி. நான்கு நாள் காய்ச்சல் இன்று விட்டுவிட்டது, வீட்டார் முகத்தில் நிம்மதி. நம் கவனம் கூட வேண்டிய நேரம் அதுதான். டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பிபி இறங்குவது பெரும்பாலும் காய்ச்சல் விடும் சமயத்தில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், நிலைகொள்ளாமல் புரள்வது, சோர்ந்து கிடப்பது ஆகியவை இருந்தால் அவர் சிவப்பு. பிபி பார்க்கும்போது கீழ் அளவையும் பாருங்கள். 100/84 என்றால் மேலே 100 இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. இடைவெளி 16தான். 20 அல்லது அதற்குக் கீழே வந்தாலே அதிர்ச்சி நிலையின் அடையாளம்.

பூச்சிமருந்து குடித்து வந்தவர். ஐசியூவில் விஷமுறிவு மருந்தான அட்ரோபின் ஓடி, கண்மணி விரிந்து, எச்சில் வற்றி, தெளிவாகப் பேசுகிறார் என்று மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றியிருப்பார்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தில் 24 மணியிலிருந்து 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகிற ஒரு கட்டம் சிலருக்கு வரும். முதலில் தெரிவது கழுத்தில். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் "தலகாணியிலிருந்து தலையைத் தூக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். மாலையில் தூக்கியவர் ராத்திரி பத்து மணிக்குத் தூக்க முடியாமல் தடுமாறினால், ஆக்சிஜன் அளவு 98 காட்டினாலும் டாக்டரைக் கூப்பிட்டுவிடுங்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி எதுவரை போகிறார் என்று குறித்துவைப்பதும் உதவும்; போன முறை 25 வரை போனவர் இப்போது 14இல் நின்றால் மூச்சுத் தசை தளர்கிறது என்று பொருள். கட்டுவிரியன் கடித்தவருக்கும் இதே சோதனைதான், கூடவே கண் இமை தொங்குகிறதா என்று பாருங்கள். இவர்களிடம் போய் நிற்க ஒரு நிமிடம்கூட ஆகாது. விட்டால் விலை உயிர்.

சர்க்கரைக்காரர் மாலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, வாந்தி வருகிறது என்று இரவுச் சாப்பாட்டைத் தொடாமல் படுத்திருப்பார். குளுக்கோமீட்டரோடு அவரிடம் முதல் அரை மணிக்குள் போய்விடுங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்கும் தெளிவும் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். தெளிவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் நரம்பு வழி டெக்ஸ்ட்ரோஸ். டாக்டர் ஆர்டருக்குப் போனைக் கையில் எடுத்துக்கொண்டே வென்ஃப்ளான் (நரம்பில் போட்டிருக்கும் ஊசிக்குழாய்) வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

குடிப்பழக்கத்தில் கல்லீரல் கெட்டுச் சேர்ந்தவர் தரைப் பாயில் உளறிக்கொண்டிருப்பார். "குடிகாரன், அப்படித்தான் பேசுவான்" என்று வார்டே சொல்லும். உளறல் புதிதென்றால் அவரும் சிவப்புதான். முதலில் சர்க்கரை, அப்புறம் ஆக்சிஜன், அப்புறம் கை நடுங்குகிறதா, தலையில் அடிபட்டிருக்கிறதா, மலம் கறுப்பாகப் போனதா என்று பாருங்கள். சர்க்கரையைப் பார்க்காமல் யாரையும் கட்டிப்போட விடாதீர்கள்.

நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரருக்கு மட்டும் கணக்கு வேறு. அவருக்கு டாக்டர் 88இலிருந்து 92 வரை போதும் என்று எழுதியிருப்பார். 90ஐப் பார்த்துப் பயந்து மகனே ஃபுளோமீட்டரைத் திருகி வைத்திருப்பார். அதிக ஆக்சிஜனில் இப்படிப்பட்டவருக்குக் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரலாம். எண் 99 என்று அழகாக இருக்கும்போதே அவர் மெல்ல அரைத்தூக்கத்துக்குப் போவார்.

இப்போது உங்கள் சீனியர் விஷயம். அவர் சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். ஊசி விட்டுப்போனால் கேஸ் ஷீட்டில் வெள்ளையாகத் தெரியும், மெமோ வரும். ஒருவரை எழுப்பிப் பார்க்காமல் விட்டது எந்தத் தாளிலும் தெரியாது. அந்தப் பயத்தில்தான் பல வருடம் ஓடிய அக்காமார் "ஊசியை முடி" என்கிறார்கள். ஆனால் ஒன்பது மணி டிரேயில் இருக்கும் ஊசிகளுக்கெல்லாம் ஒரே அவசரம் கிடையாது. தொற்றில் பிபி இறங்கியவருக்கான முதல் டோஸ் ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். வலிப்பு மருந்தும் சாப்பாட்டோடு சேர்ந்த இன்சுலினும் தள்ளிப்போடக் கூடாதவை. வயிற்று அமிலத்துக்கான பேன்டாப்பும் வைட்டமின் பி காம்ப்ளெக்ஸும் காத்திருக்கும். அமெரிக்காவில் மருந்துப் பாதுகாப்புக்கென்றே இயங்கும் ஐஎஸ்எம்பி அமைப்பு 2011இல் தந்த வழிகாட்டுதலில், நேரம் தவறக் கூடாத மருந்துகளுக்கு முன்பின் 30 நிமிடம்தான் அனுமதி. ஒரு நாளைக்குப் பல முறை கொடுக்கும் மற்ற மருந்துகளுக்கு முன்பின் 1 மணி நேரமும், ஒரு நாளைக்கு ஒரு முறை கொடுப்பவற்றுக்கு 2 மணி நேரமும் உண்டு. ஆகவே சீனியரிடம் வாதாட வேண்டாம். "அக்கா, நீங்க அர்ஜென்ட் ஊசியை ஆரம்பிங்க, நான் ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்து மீதியைச் சேர்ந்து முடிச்சுடறேன்" என்று சொல்லிப் பாருங்கள். இப்படிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். ஒருவர் மருந்தை ஏற்றி வைக்க இன்னொருவர் போடுவது மட்டும் வேண்டாம். யார் ஏற்றினாரோ அவரே போட வேண்டும்.

7ஆம் கட்டில் மகனுக்கு வருவோம். அவருக்கு நீங்கள் கொடுத்திருக்க வேண்டியது அரை மணி நேரமல்ல, இரண்டு நிமிடம். வென்ஃப்ளான் போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, முழங்கையை மடக்கி வைத்திருக்கிறாரா, பாட்டிலில் ஓடுவது என்ன என்று பாருங்கள். பிபிக்கான மருந்தோ, டெங்குக்காரருக்கான நீரோ என்றால் அது நிஜமான அவசரம், அங்கேயே சரிசெய்யுங்கள். வெறும் சலைன் என்றால் அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா நல்லா இருக்கார் தம்பி. இது கொஞ்சம் லேட்டா ஏறினா ஒண்ணும் ஆகாது. பத்தரைக்கு வந்து மாத்தி விடறேன்" என்று நேரம் சொல்லிவிட்டு நகருங்கள். சொன்னபடி பத்தரைக்குப் போய்விட வேண்டும், அதுதான் முக்கியம். பயத்தில் கத்துகிறவருக்கு மணி சொன்னால் பாதிச் சத்தம் அடங்கும்.

ஆனால் கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கும் மனைவி தயங்கித் தயங்கி வந்து, "நேத்து மாதிரி இல்லைங்க சிஸ்டர், ஒரு மாதிரியா இருக்காரு" என்றால் கையில் இருப்பதை வைத்துவிட்டுப் போங்கள். அந்த மனிதரை முப்பது வருடமாகப் பார்ப்பவர் அவர். இங்கிலாந்தில் 2021இல் 13 வயதுச் சிறுமி ஒருத்தி தொற்று முற்றி இறந்தாள். பெற்றோர் திரும்பத் திரும்பச் சொன்ன கவலை காதில் வாங்கப்படவில்லை. அதற்குப் பிறகு, குடும்பத்தார் கேட்டால் வேறொரு குழு வந்து உடனே பார்க்க வேண்டும் என்ற "மார்த்தா விதி" அங்கே 2024இல் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. நமக்கு விதி எதுவும் வேண்டியதில்லை. சுற்று வரும்போதே கூட இருப்பவரிடம், "மூச்சு வேகமானா, எழுப்பி எழுந்திருக்கலைன்னா, பேச்சு மாறினா, எந்நேரமும் வந்து கூப்பிடுங்க, திட்ட மாட்டேன்" என்று சொல்லி வையுங்கள். 38 பேருக்கு நான்கு கண் போதாது. துணைக்கு இருப்பவர்களின் கண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மற்ற தேவைகள் என்னாகும் என்று உங்கள் மனசு கேட்கும். நர்சிங் படிப்பில் வர்ஜீனியா ஹெண்டர்சன் வகுத்த நோயாளியின் 14 தேவைகளை மனப்பாடம் செய்திருப்பீர்கள். மூச்சு, சாப்பாடும் தண்ணீரும், கழிவு வெளியேறுவது, அசைவு, தூக்கம் என்று போகும் அந்த வரிசை 38 பேருக்கும் பொருந்தும். பக்கவாதத்தில் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு முறை திருப்புவது இன்றைக்கு உயிரை எடுக்காது, ஆனால் நான்கு நாளில் முதுகுப் புண்ணாக வந்து நிற்கும். திருப்புவதை மகளுக்கு ஒருமுறை செய்து காட்டுங்கள். பணியாளர் அம்மாவைத் துணைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சாப்பாடு ஊட்டுவதை மட்டும் அப்படி விட்டுவிடாதீர்கள். பாதி மயக்கத்தில் இருப்பவர் வாயில் பாசத்தோடு காபி ஊற்றுவார்கள், அது நுரையீரலுக்குப் போய்விடும். யாருக்கு வாய்வழி எதுவும் கூடாது என்பதைக் கட்டில் தலைமாட்டில் பெரிதாகத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து உட்காரும் வயதானவருக்குத் தூக்க ஊசி கேட்பதற்கு முன் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் கட்டியிருந்தால், அதை வெளியேற்றியதும் அவரே தூங்கிவிடுவார். வலியையும் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள், முக்கியமாக வயதான ஆண்கள்.

டாக்டரைக் கூப்பிடுவதும் முன்னுரிமையில் சேர்ந்ததுதான். "சார், பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்றால் தூக்கத்திலிருக்கும் டியூட்டி டாக்டருக்கு அவசரம் புரியாது. இப்படிச் சொல்லுங்கள்: "சார், ஆண்கள் மெடிக்கல் வார்டு நைட் ஸ்டாஃப். கடைசிக் கட்டில் பெரியவர், 68 வயசு, யூரின் இன்ஃபெக்ஷன்னு நேத்து அட்மிஷன். சாயங்காலம் பேசிட்டிருந்தார், இப்போ கூப்பிட்டாத்தான் கண் திறக்கிறார். மூச்சு 28, பிபி 100, நாடி 112, ஆக்சிஜன் 94, சுகர் 140. செப்சிஸ் மாதிரி தெரியுது. நீங்க இப்பவே வந்து பாக்கணும். வர்றதுக்குள்ள சலைன் ஆரம்பிக்கட்டுமா? கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து வைக்கட்டுமா?" என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேண்டும் என்ற நான்கும் அரை நிமிடத்தில் வந்துவிட்டன. கூப்பிட்ட நேரத்தையும் அவர் சொன்னதையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். வரவில்லையென்றால் அடுத்த நிலை டாக்டரைக் கூப்பிடுங்கள். அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஒன்பது மணிக்குப் போட்ட வரிசை பன்னிரண்டு மணிக்குச் செல்லாது. புது அட்மிஷன் வரும், பச்சையில் இருந்தவர் மஞ்சளாவார். ஆகவே நள்ளிரவிலும் விடியற்காலை நான்கு மணிக்கும் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு சுற்று. எல்லோரிடமும் நிற்க வேண்டாம், ஆனால் எல்லோர் முகத்தையும் பார்த்துவிடுங்கள். நான்கு மணிக்கு நமக்கே கண் சொருகும், ஆளுக்கு அரை மணி மாற்றி உட்காருங்கள். அதுவும் நோயாளிக்குச் செய்யும் பாதுகாப்புதான்.

உங்கள் மனசு ஆறாததைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொது மருத்துவமனையில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், பயிற்சி மருத்துவமனையில் 3 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. நீங்கள் 19 பேரைப் பார்க்கிறீர்கள். ஐரோப்பாவில் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளை எடுத்து 2014இல் வந்த ஆய்வில், ஒரு நர்ஸுக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேர்ந்தால், அறுவை சிகிச்சை நோயாளிகள் மருத்துவமனையில் சேர்ந்த 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது தெரிந்தது. அந்த ராத்திரி நடந்ததில் உங்கள் பங்கு, தொட்டுப் பார்க்காமல் "தூங்குகிறார்" என்று நினைத்தது மட்டும்தான். அதை மாற்றிக்கொள்ள உங்களால் முடியும், மாற்றிக்கொள்ளத்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். மீதி, ஆள் போடாதவர்களின் பொறுப்பு. அந்தப் பாரத்தை நீங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. ரிப்போர்ட் புத்தகத்தில் ஒவ்வொரு நைட்டும் நோயாளி எத்தனை, ஸ்டாஃப் எத்தனை, சிவப்பில் எத்தனை பேர், எந்த வேலை முடியவில்லை என்று தேதியோடு எழுதி வையுங்கள். ஆள் கேட்டு நர்சிங் சூப்பிரண்டு மேலே எழுதும்போது, கண்ணீரைவிட அந்தப் புத்தகம்தான் அவருக்குக் கைகொடுக்கும்.

காலையில் ஓவர் கொடுக்கும்போதும் முதல் கட்டிலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். சிவப்பில் இருப்பவர்களை முதலில் சொல்லுங்கள்: கடைசியாக எண்ணிய மூச்சு எவ்வளவு, எத்தனை மணிக்கு எண்ணியது, டாக்டர் என்ன சொன்னார், அடுத்து எப்போது பார்க்க வேண்டும். பிறகு முடிக்காமல் விட்ட வேலைகளை மறைக்காமல் சொல்லுங்கள்: 14ஆம் கட்டிலுக்கு டிரெஸ்ஸிங் மாற்றவில்லை, 22ஆம் கட்டிலுக்குப் பத்து மணி பேன்டாப் பன்னிரண்டுக்குப் போட்டது. அதன் பிறகு மற்றவர்களைக் கட்டில் வரிசையிலேயே சொல்லி முடிக்கலாம்.

அன்புடன்,
அக்கா